நான்கு குப்பிகளில் ராசம்மா

போன வாரம் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை, கொழுப்பு, இன்னும் என்னென்னவோ பார்க்க வேண்டுமாம். என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முன்பெல்லாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். இப்போது ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஊசி போட வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். பெயரைக் கேட்டாள். ஐசி எண்ணைக் கேட்டாள், அடையாள அட்டையை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஐசியை வாங்கி ஒரு கருவியில் செருகி, திரையில் வந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டைவிரலை அழுத்தச் சொன்னாள். இத்தனைக்கும் பிறகுதான் ரத்தம் எடுத்து, கோடு கோடாக அச்சடித்த ஒரு ஸ்டிக்கரைக் குப்பியில் ஒட்டினாள்.

"அந்தக் குப்பிய கொஞ்சம் காட்டும்மா" என்றேன்.

"ஏன் ஆன்ட்டி?"

"என் பேருதானான்னு பாக்கணும்."

"மாறவே மாறாது ஆன்ட்டி. எல்லாம் மிஷின் லா."

"ஒட்டினது உன் கைதானே?"

அவள் சிரித்துக்கொண்டே காட்டினாள். என் பெயர்தான். இருந்தாலும் எண்ணை ஒருமுறை கடைசி வரை படித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். பின்னால் வரிசையில் நின்ற சீனக் கிழவர் உச்சுக் கொட்டினார்.

நான் கொஞ்சம் சந்தேகக்காரி. கடைக்காரர் தராசின் முள்ளைப் பார்க்காமல் வெங்காயம் வாங்கியதில்லை. மகன் கார் கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் நானும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். ஆனால் ரத்தக் குப்பி விஷயத்தில் இது வெறும் சுபாவம் இல்லை. தெரிந்தே வேறொருவர் பெயரைக் குப்பியில் ஒட்டியிருக்கிறேன், இதே கையால்.

அந்தப் பெண் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்து அழுத்தினாள் பாருங்கள், அந்த வாசனைதான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் என் உடம்பிலேயே அந்த வாசனை இருந்தது. கம்போங் ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரி என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, இரண்டு அறை, நான்கு கட்டில். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர். நல்ல மனிதர், ஆனால் எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். சீட்டு எழுதுவது, பஞ்சை அவிப்பது, சிவப்புத் தண்ணீர் மருந்தைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்திருந்தேன். தாதிப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வெள்ளை உடுப்பும் தலையில் மடித்த தொப்பியுமாக என்னைக் கற்பனை செய்துகொண்டு, ஆளில்லாத நேரத்தில் ஒரு துவாலையைத் தலையில் மடித்து வைத்துக் கண்ணாடி பார்த்ததும் உண்டு.

இங்கிலீசும் மலாயும் பேசுவேன் என்பதால் தோட்டத் துரை எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால் கூடப் போய் மொழிபெயர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் மலைக்கு எத்தனை விதமான ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. குளிர், மழை, காடு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்ததாலோ என்னவோ, எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

முதலில் வந்தவருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் பூச்சி துரை. சாயங்காலம் பாதை ஓரத்தில் இரண்டு மூங்கிலை நட்டு, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, முன்னால் விளக்கை வைப்பார். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகிறவர்கள் அந்தத் துணியைப் பார்ப்பார்கள். உள்ளங்கை அகலத்துக்கு அந்துப்பூச்சிகள் சிறகை விரித்து ஒட்டிக்கொண்டிருக்கும். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பாதிப் பேர் அந்தப் பாதையை விட்டே சுற்றிப் போனார்கள். அவர் பூச்சிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவார். மனிதர்கள் யார் பெயரையும் கேட்டதில்லை, என் பெயரைக்கூட. கடைசி வரை என்னை "மிஸ்" என்றே கூப்பிட்டார்.

அடுத்தவர் மண் துரை. நீளமான இரும்புத் திருகைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறக்கி, மண்ணை வெளியே எடுத்து, முழத்துக்கு ஒரு பையில் போட்டுக் கட்டுவார். தோட்டத்தை விற்கப் போகிறார்கள், அதற்குத்தான் மண் பார்க்கிறார்கள் என்று எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பேச்சு. நான் சிரித்தேன். மறு வருடம் அவர் திருகு இறக்கிய மேட்டுக் காட்டைக் காய்கறி போடக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். அதன் பிறகு நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு வெள்ளைக்கார அம்மாள் மலை உச்சிக்குப் போய் மரத்துப் பாசியைத் தேக்கரண்டியால் சுரண்டிக் காகித உறையில் போட்டுக்கொண்டு போனார். இன்னொருவர் தவளைச் சத்தத்தை டேப்பில் பிடிக்க வந்தார். பாவம், அவர் மைக்கை வைத்த ஓடை யூனியன்காரர்கள் கூடிப் பேசும் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. தவளைக்காக வந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் இருந்த இரண்டு வாரமும் யூனியன் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை; சாடை காட்டியே பேசினார்கள். நான் அவரோடு நடந்து போனதால் என்னிடமும் சிலர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

"பூச்சிய எண்றான், மண்ண எண்றான், தவளைய எண்றான். கடைசில நம்மளத்தான் எண்ணப் போறான், பாத்துக்கிட்டே இரு" என்று ராசம்மா அக்கா சொன்னார்.

ராசம்மா அக்கா எங்கள் லயத்தில் நாலாவது வீடு. அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், நீல ஐசிக்காரர். குரல் எடுத்தால் எதிர் மலையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அடுத்த வீடு பாக்கியம் அக்கா. ராசம்மா அக்கா பேச்சென்றால் இவர் மூச்சு, அவ்வளவு மெதுவான ஆள். மூன்று வயதில் தாயின் மடியில் கப்பலேறி வந்தவர். சிவப்பு ஐசி.

அது என்ன நீலம், சிவப்பு என்று இப்போதைய பிள்ளைகள் கேட்பார்கள். நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் இங்கேயே நரைத்தாலும் நீ வெளி ஆள். அந்த வருடங்களில் சிவப்பு ஐசிக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெர்மிட் கிடைக்காமல் எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். பாக்கியம் அக்காவுக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை. கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நீலம். இவர் ஒருவர்தான் சிவப்பு. அனுப்பினால் இவரை மட்டும்தான் அனுப்புவார்கள். அங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? ஊர் பெயரைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது.

இதற்கு லயத்தில் ஒரு வழி வைத்திருந்தோம். பெயரை இரவல் கொடுப்பது. பாக்கியம் அக்கா கிள்ளும் கொழுந்து ராசம்மா அக்காவின் பெயரில் நிறுக்கப்படும். கங்காணிக்குத் தெரியும், அவர் அந்த நேரத்தில் மலையைப் பார்ப்பார். இப்படி ராசம்மா அக்காவின் பெயரில் இரண்டு பேர் கொழுந்து கிள்ளினார்கள். "நம்ம ராசம்மாவுக்கு நாலு கை" என்று தொழிற்சாலைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். செய்தார்களே தவிர யாரும் வெளியே சொன்னதில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ரத்த டாக்டர் வந்தார்.

கோலாலம்பூரிலிருந்து வந்த சீனர், சின்ன வயது. கண்ணாடி பனியில் நனைந்து நனைந்து மங்கும், சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே பேசுவார். தோட்டத்து ஜனங்களின் ரத்தத்தை ஆராயப் போகிறார், வலிக்காது, இலவசம். கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டி, என்ன செய்யப் போகிறேன் என்று விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். அவர் கடைசியில் ஆசையாக ஒன்று சொன்னார். நானும் அப்படியே தமிழில் சொன்னேன்: "ரத்தத்தைப் பார்த்தால் உங்கள் முன்னோர் எங்கேயிருந்து வந்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாமாம்."

ஒரு தவறும் இல்லாத மொழிபெயர்ப்பு. பாக்கியம் அக்கா கம்பளித் துண்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் குழாயடியில்தான் உறைத்தது.

"ரத்தம் சொல்லிருமாமே, எங்க பொறந்தன்னு" என்றார் பாக்கியம் அக்கா. தண்ணீர் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை.

"அக்கா, அவர் சொன்னது அது இல்ல. தாத்தா பூட்டன் காலத்துக் கதைய சொன்னாரு."

"உனக்கு எப்படித் தெரியும்? அவன் உங்கிட்ட எல்லாத்தையும் சொல்வானா?"

உண்மையாகவே எனக்குத் தெரியாது. பூச்சி துரைக்கு இரண்டு புள்ளியை வைத்து ஒரு பூச்சி எந்த மலையுடையது என்று சொல்லத் தெரிந்தது. மண் துரைக்கு ஒரு பிடி மண்ணை வைத்து அங்கே முன்பு என்ன இருந்தது என்று சொல்லத் தெரிந்தது. அப்படியிருக்க, ரத்தத்தை வைத்து சிவப்பா நீலமா என்று சொல்ல முடியாது என்று நான் எதை நம்பிச் சொல்வது? எனக்குள்ளும் சந்தேகம் புகுந்துவிட்டது.

வராமல் இருந்துவிடலாம் என்றால், வராதவர்களின் பட்டியல் ஆபிசுக்குப் போகும் என்று ஒரு பேச்சு. யார் கிளப்பினார்களோ. ராசம்மா அக்கா முழங்கைக்கு மேல் ஸ்வெட்டரைச் சுருட்டினார்.

"என் ரத்தம் இந்த மண்ணுலயே ஊறின ரத்தம். எத்தன குப்பி வேணுமோ எடுத்துக்கட்டும். கொழுந்துக்கு ஆகுற பேரு ரத்தத்துக்கு ஆகாதா?"

ரத்தம் எடுத்தது இரண்டு நாள். எங்கள் ஆஸ்பத்திரி அட்டைகளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள், ஐசி கேட்கவில்லை. ஊசி போட இரண்டு மேசை. குப்பியில் பெயர் எழுதி ஒட்டுவது நான். ராசம்மா அக்கா முதலில் ராசம்மாவாக வந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பாக்கியம் பெயரைக் கூப்பிட்டபோது பச்சை ஸ்வெட்டரும் காதை மூடிய கம்பளித் தொப்பியுமாக அடுத்த மேசையில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர்க் குளிரில் அதில் ஒன்றும் விசேஷம் இல்லை. எல்லோருக்கும் மூக்கும் கண்ணும்தான் தெரியும். என் பேனா நின்றது. தொப்பிக்குள்ளிருந்து அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. 'பாக்கியம்' என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் இன்னும் இரண்டு சிவப்பு ஐசிக்காரர்களுக்காக, வேறு இரண்டு ஸ்வெட்டரில் வந்தார். கடைசியில் எழுந்தபோது லேசாகத் தள்ளாடினார். டிரஸ்ஸர் அவருக்கு ஒரு மங்கு மைலோ கலக்கிக் கொடுத்தார், வயதானவர் என்று நினைத்து.

ஒரு மாதத்தில் முடிவுத் தாள் வந்தது. பெயருக்கு நேராக ரத்தம் நன்றாக இருக்கிறது, குறைவாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பாக்கியம்: மிக நன்று. டிரஸ்ஸர் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போடாத குறையாகப் பத்திரப்படுத்தினார்.

பிறகு கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து ரத்த டாக்டர் மறுபடி வந்து இறங்கினார், இந்த முறை முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் தோட்டத்தில் ஒரு அதிசயம் கண்டுபிடித்திருக்கிறாராம். ஏபி நெகட்டிவ் என்ற மிக அபூர்வமான ரத்தம், ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத நான்கு பேருக்கு இருக்கிறதாம். ஒரு தோட்டத்தில் ஒருவர் கிடைத்தாலே பெரிய விஷயமாம். அந்த நான்கு பேரின் ஊர், தாய் தகப்பன், பாட்டன் எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும் என்று நீளமான படிவங்களோடு வந்திருந்தார். படித்தவர், சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். சந்தேகமெல்லாம் எங்கள் பக்கம்தான் இருந்தது.

எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனையும் செய்தோமோ அந்தக் கேள்வியை நாங்களே வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டிருந்தோம். ராசம்மா அக்காவுக்கு மட்டும் உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

"என் ரத்தம் அவ்ளோ ஒசத்தியா? சொல்லவே இல்ல பாரு ஒருத்தரும்" என்றார். அடுத்த நொடியே முகம் மாறியது. "இப்ப என்னாடி செய்றது?"

என்ன செய்வது என்று யோசிக்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் முற்பகல் பாக்கியம் அக்கா மலைச் சரிவில் கூடையோடு விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது, நகம் வெளுத்திருந்தது. பல மாதமாகவே இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். நாங்கள்தான் குளிர் என்று விட்டுவிட்டோம். டிரஸ்ஸர் நாடியைப் பார்த்தார், பிறகு போய் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார்.

"ரத்தம் நல்லாத்தான் இருக்கு. மிக நன்றுன்னு போட்டிருக்கான், பெரிய படிப்புப் படிச்சவன். வெறும் பித்தம். ரெண்டு நாள் படுக்கட்டும்."

நான் தாதியாக ஆகவில்லைதான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். அவருடைய ரத்தம் இன்னும் யாருமே பார்க்காத ரத்தம். அந்தத் தாளை நம்பி அவரை அங்கே படுக்க வைத்தால் செத்துப்போவார், அந்தக் குப்பியில் பெயர் எழுதியவள் நான். மலைக்குக் கீழே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் சிவப்பு ஐசிக்காரர் பெர்மிட் இல்லாமல் போனால் கவுண்டரிலிருந்தே அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அது உண்மையா? எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை அங்கே யாரும் ஒன்றும் கேட்டிருக்கவே மாட்டார்களோ என்னவோ. இத்தனை வருடத்தில் என்னை அதிகமாக அரித்த எண்ணம் இதுதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினேன். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் என் பெயர், என் ஐசி எண், என் வயது. கையெழுத்துக்கு வரும் சீட்டுகளை டிரஸ்ஸர் படிப்பதில்லை. ஐந்தோடு ஆறாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். என் ஐசியில் இருந்தது பன்னிரண்டு வயதில் எடுத்த படம்; அது எனக்கே அவ்வளவாகப் பொருந்தாது. இனி வண்டி வேண்டும். தோட்டத்து லாரி கொழுந்தோடு போயிருந்தது. வாசலில் நின்ற ஒரே கார் ரத்த டாக்டருடையது.

அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. வேறு வழியில்லாமல் கேட்டேன். அவர் பின் கதவைத் திறந்தார். பாக்கியம் அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மலாயில் கேட்டார், இவர் பெயர் என்ன. எங்கள் லயத்துப் பெண் என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் எல்லாம் தாண்டித் தாப்பாவுக்கு இறங்கும் அந்தப் பாதையில் எத்தனை வளைவு இருக்கிறது என்று போனவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் பாக்கியம் அக்காவின் தலை என் தோளிலிருந்து நழுவும். காரின் முன்னால் தொங்கும் சிறு கண்ணாடி வழியாக டாக்டர் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அவர் நோயாளியைப் பார்க்கிறாரா, எங்களை வேவு பார்க்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கவுண்டரில் பெயர் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன், பாக்கியம் அக்காவைக் கை காட்டி. எண்ணைக் கேட்டார்கள், ஐசியை நீட்டினேன். பக்கத்திலேயே டாக்டர் எங்கள் துணிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் பெயர் அவருக்குத் தெரியும். பாக்கியம் அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் அவர் தன் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்கு பேரும் ஒரே ஆளா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது, டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து நான்கு வரியையும் அடித்தார். அதில் ஒன்று, ராசம்மா அக்காவின் சொந்த வரி, உண்மையானது. அதை அடிக்க வேண்டாம், அந்த அபூர்வம் நிஜம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் மீதி மூன்று யாருடையது என்று கேட்பாரே என்ற சந்தேகம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். அவர் போய் எங்கே சொல்வாரோ என்று பல மாதம் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. அவரும் அதன் பிறகு வரவில்லை.

பாக்கியம் அக்காவுக்குக் கொக்கிப் புழு, உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்றார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாதா மாதம் போய் மாத்திரை வாங்க வேண்டும், அதே அட்டையில். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்து நிற்கப் பழக்கிவிட்டேன். முதல் இரண்டு முறை எழுந்திருக்க மறந்து உட்கார்ந்திருந்தாராம்.

ஆறு மாதம் கழித்துத் தாதிப் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நேர்காணல் நன்றாகத்தான் போனது. உடல் பரிசோதனை அதே ஆஸ்பத்திரியில். காலையில் ரத்தம் எடுத்தார்கள், மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். தமிழர். மேசையில் இரண்டு காகிதம் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"இது இன்னைக்கு எடுத்தது. ஓ குரூப், நல்ல ரத்தம். இது ஆறு மாசத்துக்கு முந்தி இங்க படுத்திருந்தப்ப எடுத்தது. பி குரூப். ரத்தம் ஏறும், எறங்கும். குரூப் மாறாதும்மா, அறுபது வருசம் ஆனாலும் மாறாது. இந்த ரெண்டுல ஒண்ணு நீ இல்ல. எது?"

சந்தேகம் என்பதை அன்றைக்கு நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். பழைய அட்டை நான் இல்லை என்று சொன்னால், அப்படியானால் யார் என்பது அடுத்த கேள்வி. அந்த அட்டையோடு அடுத்த வாரம் பாக்கியம் அக்கா அதே கட்டிடத்துக்கு வந்து நிற்பார். அவருடைய சின்னப் பிள்ளை அப்போது ஒன்றாம் வகுப்பு.

"இன்னைக்குக் குடுத்தது நான் இல்ல சார்" என்றேன். "பழைய நோய் தெரிஞ்சிரும்னு பயந்துக்கிட்டு, கூட வந்த பொண்ண என் பேர்ல குடுக்கச் சொன்னேன்."

மூன்று குப்பியில் பொய் ஒட்டியவள், என் சொந்த ரத்தம் இருந்த குப்பியைப் பொய் என்று சொன்னேன். அவர் உடனே எழுதவில்லை. என் கையைப் பார்த்தார். நான் கையை மடக்க மறந்திருந்தேன். முழங்கை மடிப்பில் காலையில் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது, நடுவில் சிவப்புப் புள்ளியோடு. அவர் அந்தப் பஞ்சைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி பஞ்சைப் பார்த்தார்.

"சரி" என்றார். படிவத்தில் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பழைய அட்டையை எடுத்து, அதன் இடத்திலேயே திரும்ப வைக்கச் சொல்லிச் சிப்பந்தியிடம் கொடுத்தார்.

அவர் புரிந்துகொண்டாரா, வேலை முடிந்தால் போதும் என்று விட்டுவிட்டாரா, தெரியாது. நல்லவர்களையும் சோம்பேறிகளையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க எனக்கு இன்னும் வரவில்லை. மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ரிங்லெட் வரைக்கும் அழுதேன். அதன் பிறகு குளிர் தொடங்கிவிட்டது, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.

பாக்கியம் அக்காவிடம் நான் சொல்லவில்லை. எண்பதுகளில் அவருக்கும் நீல ஐசி கிடைத்தது. அன்று லயம் முழுக்கப் பாயசம் கொடுத்தார். எனக்கு ஊற்றும்போது, "நீ ஏன்டி நர்சுக்குப் போகல? அவ்ளோ ஆசப்பட்டியே" என்று கேட்டார்.

"இந்தக் குளிர விட்டுட்டுப் போக மனசு வரல லா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நம்பவில்லை. ஆனால் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். பேரப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து, எழுபத்தைந்து தாண்டித்தான் போய்ச் சேர்ந்தார். ராசம்மா அக்கா அதற்கு முன்பே போய்விட்டார், உலகத்தில் அபூர்வமான ரத்தத்தோடு, எந்த நோட்டிலும் பெயர் இல்லாமல்.

அந்த லயம் இப்போது இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கி நெகிழிக் கூடாரம் போட்டு ஸ்ட்ராபெரி வளர்க்கிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரி உர மூட்டை வைக்கும் இடமாக இருந்து, பிறகு அதுவும் போனது. கொழுந்து வெட்டுகிறவர்கள் வேறு நாட்டுப் பிள்ளைகள். அவர்கள் கையிலும் ஏதோ ஒரு நிற அட்டை இருக்கிறது. விளக்கு வைத்தால் அப்படிப் பூச்சி வருவதில்லை என்கிறார்கள். ஸ்வெட்டர் இல்லாமலே நடக்கிறார்கள் அங்கே இப்போது. ஆராய்ச்சிக்காரர்கள் வருவதாகக் கேள்வி. வந்து, முன்பு இருந்தது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போகிறார்களாம்.

நேற்று அந்தக் கிளினிக் பெண் போன் செய்தாள். "ரிப்போர்ட் வந்திருச்சு ஆன்ட்டி. ரத்தம் ரொம்ப நல்லாருக்கு."

"யாரோடது?" என்று கேட்டேன், பழக்க தோஷத்தில்.

அவள் கடகடவென்று சிரித்தாள். "உங்களோடதுதான். வேற யாரும் உங்க பேர்ல குடுக்கவே முடியாது ஆன்ட்டி. படம் இருக்கு, கைரேகை இருக்கு, கோடு இருக்கு."

போனை வைத்தேன். அந்தப் பெண் சொல்வது சரிதான். இனி யாருக்காகவும் யாரும் கையை நீட்ட முடியாது.